கிளினிக்குக்கு எதிர் பெஞ்சு

2005ஆம் ஆண்டு ஜூன் 9, வியாழக்கிழமை. மரக்காணம் பஸ் நிறுத்தத்துக்கு அருகிலிருந்த ஒரு தனியார் கிளினிக்கில், கொளஞ்சி என்ற உப்பளத் தொழிலாளியின் இடது மார்பிலிருந்து எலுமிச்சங்காய் அளவுள்ள கட்டி ஒன்று அறுத்து எடுக்கப்பட்டது. கட்டி பரிசோதனைக்கு அனுப்பப்படவில்லை.

அறுத்தவர் டாக்டர் அப்பாதுரை. மரத்துப்போக ஊசி போட்டு, வேலையைச் சுருக்கமாக முடித்து, வெளியே நின்றிருந்த கொளஞ்சியின் புருஷன் கலியமூர்த்தியிடம் ஒரு பாலிதீன் பையைக் கொடுத்தார். கொழுப்புக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை, எங்கேயாவது புதைத்துவிடுங்கள் என்றார். அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். உடம்பிலிருந்து எடுத்த எதையும் குப்பையில் போட மாட்டார்கள். நாய் இழுத்துக்கொண்டு போனால் உடம்புக்கு உடையவருக்கு ஆகாது என்பார்கள்.

கொளஞ்சிக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த ஊரில் அப்பாதுரையைச் சந்தேகப்படுகிற ஆள் அப்போது யாரும் இல்லை. முந்தைய டிசம்பரில் கடல் குப்பங்களுக்குள் புகுந்த அன்று, கட்டிய லுங்கியோடு வந்து கிளினிக்கைத் திறந்தவர் அவர். உள்ளே இடம் போதாமல் வாசல் படியில் ஆட்களைப் படுக்கவைத்துத் தையல் போட்டார். நூல் தீர்ந்ததும் ஆளை அனுப்பி திண்டிவனத்திலிருந்து வரவழைத்தார். யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. கொளஞ்சியின் அண்ணன் மகனுக்கும் தொடையில் தையல் போட்டிருந்தார். குப்பத்துப் பெண்கள் அவர் பைக்கைக் கண்டாலே கும்பிட்டார்கள்.

மார்பில் கட்டி இருப்பதைக் கொளஞ்சி பொங்கலுக்கே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அலை உப்பளப் பாத்திகளில் சேற்றைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. சேற்றை அள்ளி, பாத்தியை மறுபடி மிதித்துக் கெட்டிப்படுத்தி, முதல் உப்பு வாருவதற்கே சித்திரை ஆகிவிட்டது. வலிக்காத கட்டிக்கு யார் லீவு போடுவார்கள்.

ஆவணியில் தழும்பு கெட்டிப்பட்டது. அப்பாதுரை ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, தழும்பு தடித்திருக்கிறது என்று களிம்பு எழுதிக்கொடுத்தார். மழை தொடங்கியபோது அக்குளில் நெறி கட்டியது. உப்பில் வேலை செய்கிறவர்களுக்கு நெறி கட்டுவது சகஜம் என்று மாத்திரை கொடுத்தார். கார்த்திகையில் தழும்பு வெடித்து நீர் வடிந்தது. அன்று கிளினிக்கில் கூட்டம். கதவைத் திறந்து வைத்தபடியே அவர் கேட்டார்:

"நீ தெனம் குளிக்கிறியா இல்லியா? புண்ணச் சுத்தமா வெச்சிக்கத் தெரியல, அப்பறம் டாக்டரு சரியில்லன்னுவீங்க."

வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். கொளஞ்சி ஜாக்கெட்டின் கொக்கியைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்கிற உடம்பு, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றாமல் ஒரு வாய் சோறு தின்றதில்லை அவள். மற்றதையெல்லாம் கூட மன்னித்திருப்பாள். அந்தச் சிரிப்பு அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாளே புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சீட்டு வாங்கிக் காத்திருந்து உள்ளே போனதும், பார்த்த டாக்டர் தழும்பைத் தொடுவதற்கு முன் கேட்டது ஒரே கேள்விதான். வெட்டின கட்டி எங்கே, அதன் ரிப்போர்ட் எங்கே? கலியமூர்த்தி, புதைத்துவிட்டோம் என்றான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஊசியால் சதை எடுத்துச் சோதித்தார்கள். மார்பில் புற்றுநோய், அக்குளுக்கும் பரவியிருக்கிறது என்று தெரிந்தது. முதலில் வெட்டியபோதே கட்டியைச் சோதித்திருந்தால் ஜூன் மாதமே தெரிந்திருக்கும் என்றும் சொன்னார்கள்.

திரும்பி வரும் பஸ் கோட்டக்குப்பம் தாண்டியது. "அந்தாள நான் உட மாட்டேன்" என்றாள் கொளஞ்சி. கலியமூர்த்தி சன்னல் பக்கம் பார்த்தபடி, தான் அந்தக் கட்டியை அப்படியே மண்ணில் புதைக்கவில்லை என்றான்.

ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதி உப்பு, நடுவில் கட்டி, மேலே மறுபடி உப்பு. மூடியை இறுக்கி, உப்பளக் கொட்டகைக்குப் பின்னால் கரைமேட்டில் வைத்து மூடியிருந்தான்.

"ஏன்யா உப்புல வெச்ச?"

"மீனு கெடாம இருக்குது இல்ல? நாளைக்கி டாக்டரே கேட்டாருன்னா இன்னா பண்றது?"

கொளஞ்சி அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் அத்தனை பிரியமாகப் பார்த்ததில்லை. ஊருக்கு வந்ததும் பாட்டிலைத் தோண்டி எடுத்துத் துடைத்து மஞ்சள் பையில் வைத்தாள். அப்பாதுரையின் கழுத்து அந்தப் பாட்டிலுக்குள் இருப்பதாகவே அவளுக்குப் பட்டது. அடுத்த முறை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் சூர்யகலா என்ற பெண் இருந்தாள். நோயாளிகளின் குடும்பம், வேலை, போக்குவரத்து, பயம் எல்லாவற்றையும் கேட்டு டாக்டர்களிடம் சொல்வது அவள் வேலை. பாட்டிலைப் பார்த்து முகம் சுளிக்காமல், சதையைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்க்கும் டாக்டர் விஜயலட்சுமியிடம் அழைத்துப் போனாள். விஜயலட்சுமி ஒரு துண்டை வெட்டி எடுத்து, வேண்டியதைச் செய்து, இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டுச் சொன்னாள். உப்பு சதையை அழுகாமல் வைத்திருக்கிறது. ஆனால் உள்ளே உள்ள செல்கள் சுருங்கி உருத்தெரியாமல் போய்விட்டன. இதை வைத்து நோய் இருந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இதற்கென்று ஒரு மருந்துத் தண்ணீர் இருக்கிறது. வெட்டிய உடனே அதில் போட்டிருக்க வேண்டும்.

கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான். கொளஞ்சி பாட்டிலைத் திரும்பக் கேட்டாள். கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை அவளை ஒரு நீள மேசை போட்ட அறைக்குள் கூப்பிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியில் வாரம் ஒருநாள், புற்றுநோய்க்காரர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் எல்லாத் துறை டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். வெட்டுகிற டாக்டர், மருந்து ஏற்றுகிற டாக்டர், ஊரில் கரண்டு வைப்பது என்று சொல்கிற கதிர்வீச்சு டாக்டர், படம் பார்க்கிறவர், விஜயலட்சுமி, கைகால் பயிற்சி சொல்லித்தருகிற பெண், சாப்பாடு சொல்கிற பெண், சூர்யகலா. அத்தனை பேர் தன்னைப் பற்றிப் பேச உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, சாகப்போகிறவளுக்குத்தான் இவ்வளவு கூட்டம் கூடும் என்று கொளஞ்சி நினைத்தாள்.

வெட்டுகிற டாக்டர் ராஜ்கமல் இளவயதுக்காரர், படபடவென்று பேசினார். ஏற்கெனவே ஆறு மாதம் போய்விட்டது, அடுத்த வாரமே மார்பை எடுத்துவிடலாம் என்றார். மருந்து டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அக்குள் நெறி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது, தோலும் பிடித்திருக்கிறது, முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டு வெட்டினால்தான் முழுக்க வரும் என்றார். ராஜ்கமல் விடவில்லை. கதிர்வீச்சு டாக்டர், தலை நரைத்த அம்மாள், கண்ணாடியைக் கழற்றினார்.

"ராஜ்கமல், நீங்க சொல்றது தப்பு. இப்ப வெட்டினா மிச்சம் வெச்சிட்டுதான் வருவீங்க. அந்த மிச்சத்த எங்கிட்ட அனுப்புவீங்க. நான் இன்னா பண்றது?"

ராஜ்கமல் படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சரி மேடம். மருந்து மொதல்ல" என்றார். அவ்வளவுதான். அவர் முகம் சுருங்கவில்லை, அந்த அம்மாளும் ஜெயித்துவிட்டதுபோல் பார்க்கவில்லை. ரத்தம் குறைவாக இருக்கிறது, அதை ஏற்றாமல் மருந்து தொடங்கக்கூடாது என்று சாப்பாட்டுப் பெண் சொன்னாள். பயிற்சிப் பெண், உப்பு வாரும்போது பலகையை எந்தக் கையால் இழுப்பீர்கள் என்று கேட்டாள். இடது கை முன்னால் இருக்கும் என்று கொளஞ்சி காட்டினாள். அக்குள் நெறியை எடுத்த கை வீங்கக்கூடும். உப்புக்கல் கீறினால் சீழ் பிடிக்கும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே பயிற்சியைத் தொடங்க வேண்டும், பிறகு அந்தக் கையால் பாரம் இழுக்கக்கூடாது. இதைக் கேட்டு ராஜ்கமல் எதையோ குறித்துக்கொண்டார்.

கொளஞ்சி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு டாக்டரை இன்னொரு டாக்டர் தப்பு என்று சொல்வதை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. அப்பாதுரையின் அறையில் அவரும் ஒரு கம்பவுண்டரும் ஒரு நர்ஸ் பெண்ணும்தான். கட்டியை எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேட்க அங்கே யாருமில்லை. கேட்கிற ஆளை அவர் பக்கத்தில் வைத்துக்கொள்ளவுமில்லை. இத்தனை சின்ன விஷயத்தால்தான் தன் மார்பு போகப்போகிறது என்று தெரிந்ததும் அவள் கோபம் குறையவில்லை, கெட்டிப்பட்டது.

மருந்து ஏற்றியபின் மார்பை முழுசாக எடுக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னபோது, மாட்டேன் என்றாள்.

பயத்தால் சொல்கிறாள் என்று நினைத்து ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். சூர்யகலா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏன் என்று கேட்டாள்.

"பாட்டிலுதான் வீணாப் போச்சி. அவன் கத்தி வெச்ச எடம் இது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்குது. இதையும் நீங்க எடுத்துட்டா நான் எத்தக் காட்டி அவனக் கேப்பேன்?"

யாரும் சிரிக்கவில்லை. விஜயலட்சுமிதான் பதில் சொன்னாள். தழும்பை அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிடலாம். எடுக்கிற சதையில் தழும்புக்கு அடியிலேயே நோய் இருக்கிறதா என்று தான் பார்த்து எழுதுவாள். அந்தச் சதையை மெழுகில் பதித்து வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள், எந்தக் கோர்ட்டு கேட்டாலும் எடுத்துக் கொடுக்கலாம். "இது உப்பு இல்லம்மா, கெடாது." கதிர்வீச்சு டாக்டர் இன்னும் நேராகப் பேசினார். கேஸ் நடக்க நாளாகும், அதுவரை கேஸ் போட்டவர் உயிரோடு இருக்க வேண்டும் என்றார்.

கொளஞ்சி கேஸுக்காகத்தான் சம்மதித்தாள். பிழைப்பதற்காக அல்ல.

மருந்து தொடங்கியது. முடி கொட்டியது. வாயெல்லாம் புண். ஒவ்வொரு தடவையும் வாந்தியெடுத்து ஓய்ந்து படுக்கும்போது, அப்பாதுரை கூண்டில் நிற்பதை நினைத்துப் பார்ப்பாள். சூர்யகலா ஏற்பாடு செய்த ஒரு வக்கீல், மாசி மாதம் அப்பாதுரைக்கு நோட்டீஸ் அனுப்பினார். பதில் வந்தது. வக்கீல் அதைப் படித்துச் சொன்னார்.

கட்டியை அப்பாதுரை பரிசோதனைக்கு எடுத்துப் போகும்படி சொல்லித்தான் புருஷனிடம் கொடுத்தாராம். அவர்கள்தான் அலட்சியமாக அதை உப்பில் போட்டுப் பூமியில் வைத்துவிட்டார்களாம். சும்மா புதைக்கச் சொல்லியிருந்தால் எதற்குப் பாட்டிலில் பத்திரப்படுத்தினார்கள் என்றும் கேட்டிருந்தார். பாட்டில் கதை ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து அவருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. படமும் மெழுகுச் சதையும் நோயைக் காட்டும், அவர் என்ன சொல்லி அனுப்பினார் என்பதைக் காட்டாது என்றார் வக்கீல். கேஸ் நிற்பது கஷ்டம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கலியமூர்த்தி அந்தப் பாட்டிலைக் கல்லில் அடித்து உடைத்தான். கொளஞ்சி தடுக்கவில்லை. மூன்று நாள் அவனோடு பேசவுமில்லை. நான்காம் நாள் காலையில் சேலைத் தலைப்பைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, மொட்டைத் தலையோடு, கிளினிக்குக்கு எதிரிலிருந்த டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. உள்ளே போகிறவர்களில் கட்டி, வீக்கம், ஆறாத புண் என்று யாராவது இருந்தால் மட்டும் கூப்பிடுவாள். தலையைக் காட்டுவாள். வெட்டி எடுத்தால் அதை எங்கே அனுப்புவீர்கள் என்று டாக்டரிடம் கேள் என்பாள். மருந்து ஏற்றிய வாரம் படுக்கையில் இருப்பாள், எழுந்து நடக்க முடிந்ததும் பெஞ்சுக்கு வந்துவிடுவாள்.

ஊர் அவளைத் திட்டியது. சுனாமியில் அந்த மனுஷன் இல்லாவிட்டால் எத்தனை பிணம் விழுந்திருக்கும் என்றார்கள். டீக்கடைக்காரர், கடைக்கு நல்ல சகுனம் உட்கார்ந்திருக்கிறது என்று குத்திப் பேசினார். ஆனால் எழுந்து போகச் சொல்லவில்லை. கூட்டத்தால் அவருக்கு டீ விற்றது.

முதலில் அவள் பேச்சைக் கேட்டவள் பாப்பாத்தி, குப்பத்துப் பெண். கழுத்தில் ஒரு கட்டி. அப்பாதுரை மறுநாள் வெட்டுவதாகச் சொல்லியிருந்தார்.

"அத்த எங்க அனுப்புவீங்கன்னு கேட்டேங்க்கா. உனக்கு எவ சொல்லிக் குடுத்தான்னு கத்தறாரு."

கொளஞ்சி அவளைக் கையோடு பஸ் ஏற்றிப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனாள். ஊசியில் சதை எடுத்தார்கள், அதே நீள மேசையில் வைத்துப் பேசினார்கள். புற்றுநோய் இல்லை, காசநோய்க் கட்டி. வெட்டவே வேண்டாம், மாத்திரையில் கரையும் என்றார்கள். பாப்பாத்தி அழுதுகொண்டே கொளஞ்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கொளஞ்சிக்கு ஒரு நொடி ஏமாற்றமாக இருந்தது. புற்றுநோயாக இருந்திருந்தால் அப்பாதுரைக்கு இன்னும் பலமான அடியாக விழுந்திருக்கும். தான் இப்படி நினைத்ததை உணர்ந்ததும் அவளுக்கே உடம்பு சில்லிட்டது. ஆனாலும் மறுநாள் பெஞ்சுக்குப் போனாள். கத்தியில்லாமல் போன கட்டியின் கதையைக் குப்பம் முழுக்கச் சொல்லும்படி பாப்பாத்தியிடம் சொன்னாள்.

பாப்பாத்தி சொன்னாள். அதன்பின் பெருமுக்கலிலிருந்து வாய்ப்புண்ணோடு ஒரு கிழவர் நேராகப் பெஞ்சுக்கே வந்தார். அவருக்கு நாக்கில் புற்றுநோயைத் தொடக்க நிலையிலேயே கண்டுபிடித்தார்கள். பல் டாக்டரும் வெட்டுகிற டாக்டரும் கரண்டு டாக்டரும் சேர்ந்து, எந்தப் பல்லை முன்கூட்டி எடுப்பது என்பதுவரை பேசி முடிவுசெய்தார்கள். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். இவர்களில் ஒவ்வொருவரும் அப்பாதுரையின் வாசலிலிருந்து கழன்ற ஆள் என்றுதான் கொளஞ்சி கணக்கு வைத்தாள். அவர்கள் கும்பிட்டால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

வைகாசியில் ராஜ்கமல் அவளுக்கு அறுவை செய்தார். தழும்புக்கு அடியிலேயே நோயின் மிச்சம் இருந்தது என்று விஜயலட்சுமி எழுதினாள். மருந்தில் அது நன்றாகச் சுருங்கியிருந்தது, ஓரங்களில் எதுவும் இல்லை. பிறகு கரண்டு வைத்தார்கள். அது முடிந்த கையோடு, ஒரு பக்கம் தட்டையான மார்போடு, கொளஞ்சி மறுபடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

ஆடி மாதம் ஒரு பகலில், கிளினிக்கில் ஆளே இல்லாத நேரத்தில், அப்பாதுரை ரோட்டைக் கடந்து வந்தார். இளைத்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று நின்றது. டீக்கடைக்காரர் அவசரமாக எழுந்து நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை.

"இன்னும் எத்தினி நாளும்மா இப்பிடி உக்காருவ?"

"நீங்க இருக்கற வரைக்கும்."

"இப்பல்லாம் எல்லாக் கட்டியையும் டெஸ்டுக்கு அனுப்பறேன். கம்பவுண்டரக் கேட்டுப் பாரு."

"அனுப்புங்க. அவங்களுக்கு நல்லது."

அவர் தாழ்ந்த குரலில், சுனாமி அன்று தான் எத்தனை பேருக்குத் தையல் போட்டார் என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியுங்க. எங்க அண்ணன் மவனுக்கும் போட்டீங்க. அதுக்கு அன்னிக்கே உங்க கால்ல உழுந்தேன். இது வேற."

"நான் வேணும்னு பண்ணலம்மா. கொழுப்புக் கட்டின்னுதான் நெனச்சேன்."

"நெனச்சீங்க. சரி. டெஸ்டுக்குதான் குடுத்தேன், இவங்கதான் பொதைச்சிட்டாங்கன்னு பதில் நோட்டீஸ்ல எழுதனீங்களே, அதுவும் நெனச்சதா? கதவத் தொறந்து போட்டு, குளிக்கிறியா இல்லியான்னு கேட்டீங்களே, அது?"

அவருக்கு அந்தக் கேள்வி நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. அவள் உரத்துப் பேசவில்லை, ஆனால் டீக்கடையில் எல்லோருக்கும் கேட்டது. அப்பாதுரை திரும்பி ரோட்டைக் கடந்தார். பாதியில் ஒரு லாரிக்காக நிற்க வேண்டியிருந்தது. அத்தனை பேரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சூர்யகலா ஒருமுறை அவளிடம், போதும் அக்கா, உங்கள் வேலை முடிந்துவிட்டது, உடம்பைப் பாருங்கள் என்றாள். முடியவில்லை, கிளினிக் போர்டு இன்னும் தொங்குகிறது என்றாள் கொளஞ்சி.

2006 நவம்பரில் டாக்டர் அப்பாதுரை கிளினிக்கைக் காலிசெய்துவிட்டு வேறு ஊருக்குப் போனார். குப்பத்துக்காரர்கள் சிலர் அவரை வழியனுப்ப வந்திருந்தார்கள். அவசரத்துக்கு இருந்த ஒரு டாக்டரையும் விரட்டிவிட்டாள் என்று கொளஞ்சியிடம் அவர்களில் சிலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அந்த இடத்துக்கு ஒரு செல்போன் கடை வந்தது. டிசம்பரில் கொளஞ்சியைப் பரிசோதித்த டாக்டர்கள், நோய் திரும்பியதற்கான அறிகுறி இல்லை என்றார்கள். அடுத்த உப்புப் பருவத்தில் அவளுக்குப் பலகை இழுக்கும் வேலை தரப்படவில்லை. மூட்டைக்கு வாய் தைக்கும் வேலை தரப்பட்டது.